லயத்து விறகை நிறுப்பதற்கு யார் பணம் தருவது?

தென்மேல் பருவமழைக் காலத்தில் இலங்கை மலையகத்தின் நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் விடியற்காலையில் நடந்தவர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயன்களின் கூரைத் தகரங்களின் இடுக்குகளிலிருந்து கசியும் புகை மேலெழாமல் மலைச்சரிவிலேயே தேங்கி நிற்பதைக் கண்டிருப்பார்கள். ஈர விறகின் சூட்டில் கணிசமான பங்கு அதிலுள்ள நீரை ஆவியாக்கவே செலவாகிவிடுவதால், முழுமையாக எரியாத காபன் நுண்துகள்களாக வெளியேறுகிறது. அதன் கரிய பகுதியே கருங்காபன். அது காற்றில் தங்குவது சில நாட்கள் முதல் சில வாரங்கள் வரைதான் என்றாலும், அதற்குள் சூரிய ஒளியை உறிஞ்சிச் சுற்றுப்புறத்தைச் சூடாக்கிவிடுகிறது. ஏறத்தாழ 12 ஆண்டுகள் நிலைக்கும் மெதேன், தரைமட்ட ஓசோன், குளிரூட்டிகளில் பயன்படும் ஐதரோபுளோரோகாபன்கள் ஆகியவையும் இதே குறுகிய ஆயுள் கொண்ட காலநிலை மாசுக்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை. நூற்றாண்டுக் கணக்கில் தங்கும் காபனீரொட்சைட்டைப் போலன்றி, இவற்றைக் குறைத்தால் பலன் நம் காலத்திலேயே தெரியும்.

2012 பெப்ரவரியில், ஆறு நாடுகளும் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் நிகழ்ச்சித்திட்டமும் சேர்ந்து காலநிலை மற்றும் தூய காற்றுக் கூட்டணியைத் தொடங்கின. இந்த மாசுக்களைக் குறைக்க நாடுகள் தமக்கான தேசியத் திட்டத்தை வகுப்பதற்கும் அது நிதி தருகிறது. அடுப்பு வாங்கித் தராமல் திட்டம் எழுதப் பணமா என்று கேட்கத் தோன்றும், எனக்கும் தோன்றியது.

எந்தத் திட்டமும் உமிழ்வுக் கணக்கெடுப்பிலிருந்துதான் தொடங்க முடியும். எரித்த எரிபொருளின் அளவை, ஓர் அலகு எரியும்போது வெளியாகும் மாசின் அளவால் பெருக்குவதே அந்தக் கணக்கு. விற்ற டீசலுக்குப் பற்றுச்சீட்டு உண்டு. நாலு கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்தை ஒரு கிலோ தேயிலையாக உலர்த்தும் தொழிற்சாலையின் விறகுக்கும் கணக்குப் புத்தகம் உண்டு. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வரும் பெண் தலையில் சுமந்து வரும் விறகுக் கட்டுக்கு எதுவும் இல்லை. யாராவது மலைக்கு மலை போய், மழையிலும் வெயிலிலுமாகப் பல நாட்கள், அந்தக் கட்டைத் தராசில் தொங்கவிட்டு ஈரப்பதத்தையும் அளக்க வேண்டும். அதற்குச் சம்பளமும் வாகனமும் தேவை. அந்தப் பணம் இல்லாதபோது, வேறொரு நாட்டு அடுப்பின் சராசரி நம் லயத்து அடுப்பின் பெயரில் எழுதப்பட்டுவிடுகிறது.

குறைந்ததை ஒப்பிட்டுப் பார்க்க எந்த ஆண்டை அடிப்படையாகக் கொள்வது என்பதும் சிறிய விடயமல்ல. 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காமல் பலர் விறகுக்குத் திரும்பினார்கள். அந்த ஆண்டை அடிப்படையாக வைத்தால், எரிவாயு மீண்டும் கிடைத்ததாலேயே குறைந்த புகையைத் திட்டத்தின் வெற்றியென்று காட்டிவிடலாம்.

கணக்கு முடிந்ததும், எந்த நடவடிக்கை எவ்வளவு குறைக்கும் என்பதைக் கணினி மாதிரிகளில் சோதிக்கிறார்கள். இங்கே ஒரு சிக்கல் உண்டு: விறகுப் புகையில் கருங்காபனோடு கலந்திருக்கும் வெளிர்நிறச் சேதனத் துகள்கள் ஒளியைச் சிதறடித்துக் குளிர்விக்கின்றன. ஆகவே அடுப்பை மாற்றுவதால் காலநிலைக்குக் கிடைக்கும் நன்மையைத் துல்லியமாகச் சொல்வது கடினம். அடுப்படியில் நிற்பவரின் நுரையீரலுக்குக் கிடைக்கும் நன்மையில் அத்தகைய ஐயமில்லை. கண்டி கொஹாகொடை போன்ற குப்பைமேடுகளின் மெதேனுக்கு இந்தக் குழப்பம் கிடையாது.

என் பார்வையில், இத்தகைய நிதியில் முதலில் காக்கப்பட வேண்டியது அமைச்சில் தொடர்ந்து இருக்கும் ஓர் அலுவலரின் பதவி. ஆலோசகரை மட்டும் நம்பினால், அவரது ஒப்பந்தம் முடியும் நாளில் கணக்கைப் புதுப்பிக்கத் தெரிந்தவரும் போய்விடுவார். புகைபோக்கிக்கும் அடுப்புக்குமான பணம் பெரும்பாலும் வேறு நிதியிலிருந்தே வர வேண்டும். எத்தனை லயங்கள், எவ்வளவு விறகு என்று அங்கே கேட்கும்போது, பதில் சொல்ல அந்த அலுவலர் இருக்க வேண்டும்.