சுருள் வருகிறதா, கரை நிற்கிறதா: கப்பல் மாதிரியில் தகட்டுக் கோடு போடும் கருவிகள்

தூத்துக்குடி திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த காலம். 1906-ல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் 'காலியா'வையும் 'லாவோ'வையும் பிளாஸ்டிக்கில் செய்து பார்க்கும் ஆசை இந்தப் பக்கத்தில் பலருக்கு உண்டு. கப்பலின் உடல் ஒட்டி முடிந்ததும் தகட்டுக் கோடு (இரும்புத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் மெல்லிய பள்ளம்) போடக் கை முதலில் தேடுவது கட்டர் பிளேடை. கோடு கெடுவது பெரும்பாலும் அதனால்தான்.

பிளேடின் முனை பிளாஸ்டிக்கைப் பிளக்கும், எடுக்காது. ஏர் உழுத சால் மாதிரி இருபுறமும் பிசிறு கரை கட்டி நிற்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அந்தப் பிசிறே மடங்கிப் பள்ளத்தை மூடும். பெயிண்ட் ஏறியதும் மிச்சமும் போச்சு.

உளி போலச் செதுக்கி எடுக்கும் முனைதான் வேண்டும். இழுக்கும்போது தேங்காய்த் துருவலைவிட மெல்லிய சுருள் எழ வேண்டும். வெறும் தூள் வந்தால் முனை மழுங்கியிருக்கும், இல்லை பிடித்த சாய்வு தப்பு.

அகலத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். 1/350 மாதிரியில் 0.1 மி.மீ. கோடு, நிஜக் கப்பலில் 35 மி.மீ. பிளவு. 1/700-ல் அதே கோடு 70 மி.மீ. ஆகவே சின்ன மாதிரிக்கு 0.1 மி.மீ. கார்பைடு உளிக்கு மேல் போகவேண்டாம், 0.2 எல்லாம் 1/100-க்குத்தான். கார்பைடு நன்றாக வெட்டும், ஆனால் பக்கவாட்டில் திருகினால் பொட்டென்று ஒடியும்.

காசு செலவழிக்க மனமில்லையா? பட்டறையில் ஒடித்துப் போடும் ஆக்சா பிளேடு போதும். சாணையில் முனையைக் கொக்கிபோல் வளைத்துத் தீட்டி, இரு பக்கத்தையும் கல்லில் தேய்த்து மெலிதாக்குங்கள். வெட்டும் விளிம்பைவிட அதன் பின்பக்கம் ஒடுங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தின் சுவரை உரசி அகலமாக்கும். அடிக்கடி தண்ணீரில் தோயுங்கள்: சாதாரண எஃகு நீலம் பாரித்தால் பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். பின் வைஸ் என்னும் சின்னக் கைப்பிடியில் செருகிய தையல் ஊசி, அணியத்தின் (கப்பலின் முன்முனை) நெளிவுக்கும் வட்டங்களுக்கும் நல்லது. அதுவும் பிசிறு தள்ளும் என்பதால் நீளக் கோட்டுக்கு வேண்டாம்.

வழிகாட்டிக்கு மாஸ்கிங் டேப் உதவாது, முனை அதன்மேல் ஏறிவிடும். எழுத்துப் பொறித்து ஒட்டும் கெட்டியான டைமோ டேப்பை 3 மி.மீ. பட்டையாகக் கீறினால் வளைவோடு படியும். கத்திரி வெயிலில் பசை இளகிப் பாதிக் கோட்டில் டேப் நகரும். அந்த நாட்களில் காலையிலேயே வேலையை முடிப்பது புத்தி. முதல் இரண்டு இழுப்பு கருவியின் சொந்த எடையில் மட்டும். அப்புறம் மூன்று நான்கு முறை லேசான அழுத்தம். கோட்டின் முடிவு வரை இழுக்காமல், இரு முனையிலிருந்தும் வந்து நடுவில் சேருங்கள். பள்ளத்துத் தூளைச் சீவிய ஈர்க்கால் எடுக்கலாம்.

வழுக்கினால் பெவிக்விக்கோடு முகப்பவுடர் கலந்து அடையுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் தேய்த்துவிட வேண்டும். நாள் கடந்தால் அது பிளாஸ்டிக்கைவிட இறுகி, மறுபடி கீறும்போது முனையை ஓரம் தள்ளும். இதற்குப் பதில் புட்டி வைத்தால், கீறும்போது உதிரும்.

இன்னொன்று, இதைப் பலர் பார்ப்பதில்லை. ரிவெட் அடித்த அந்தக் காலத்து நீராவிக் கப்பல்களில் நீளவாக்கில் தகடுகள் பெரும்பாலும் ஓடு வேய்ந்தாற்போல ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். அங்கே இருப்பது பள்ளம் அல்ல, படி. அரை அங்குலத் தகடு 1/350-ல் 0.04 மி.மீ.கூட வராது. ஒரு வரிசையை டேப்பால் மறைத்து, அடுத்ததில் பிரைமர் இரண்டு பூச்சு அடித்து உரித்தால் அந்தப் படி வந்துவிடும். உளியைக் குறுக்கு மூட்டுகளுக்கு மட்டும் எடுத்தால் போதும்.