கோணி ஸ்டாரு ஏன் கருவாடு மாதிரி சுருண்டுச்சு?

போன டிசம்பர்ல நான் ஒரு கிறிஸ்துமஸ் ஸ்டார் செஞ்சேன். கடைல விக்கிற பிளாஸ்டிக் ஸ்டார் போரடிச்சுப் போச்சு, வீடியோல பாத்தா வெளிநாட்டுக்காரங்க பர்லாப் பர்லாப்னு ஒரு துணிய வச்சு மாலை கட்றாங்க, ரிப்பன் முடிச்சு போட்றாங்க, சோக்கா இருக்கு, இன்னாடா அதுன்னு உத்துப் பாத்தா நம்ம கோணி. அரிசி மூட்டை கோணி. அதையே ஆன்லைன்ல மீட்டர் கணக்குல விக்கிறானுங்க, அத விடுங்க. அட்டைய அஞ்சு முனை ஸ்டாரா வெட்டி, முன்பக்கம் மட்டும் ஃபெவிகால் தடவி கோணிய ஒட்டி, ராயபுரத்துல எங்க வீட்டு மொட்டமாடி கம்பில தொங்கவிட்டேன். முத நாள் ராத்திரி சூப்பரா இருந்துச்சு. ரெண்டாவது நாள் பெரிய மழை கூட இல்ல, வெறும் தூறல், கூடவே கடல் காத்து. காலைல போய் பாத்தா அஞ்சு முனையும் முன்பக்கமா சுருட்டிக்கிட்டு நிக்குது.

எதிர்வீட்டு ஆயா ஒரு காலத்துல காசிமேட்டுல கருவாடு வித்தவங்க. மேல பாத்துட்டு கேட்டாங்க, "இன்னா நைனா, வாள கருவாட்ட கட்டி தொங்கவுட்டுக்கினு கீற?"

கடுப்பாயிடுச்சு. ஆனா ஏன் பின்பக்கமா சுருளாம முன்பக்கமா சுருண்டுச்சு, அஞ்சும் ஒரே மாதிரி ஏன் சுருண்டுச்சுன்னு யோசிக்க ஆரம்பிச்சா அதுக்குள்ள நெறைய விஷயம் இருக்கு.

மொதல்ல கோணி வாங்குற கதைய முடிச்சிடுவோம். இப்ப மளிகைக் கடைல கேட்டா நெறைய பேர் குடுக்கிறது பிளாஸ்டிக் சாக்கு, அது நெய்யுற விதத்துல கோணி மாதிரி தான் தெரியும், சிலது கலர் கூட அதே மாதிரி அடிச்சிருப்பான். கொத்தவால் சாவடி பக்கம் காய்கறி மார்க்கெட் 1996ல கோயம்பேட்டுக்குப் போயிட்டாலும் மளிகை மண்டிங்க இன்னும் இருக்கு, அங்க ஒரு மண்டிக்கார அண்ணன் கிட்ட கேட்டேன். அவர் ஒரு வார்த்தை பேசல, ஓரத்துல இருந்து ஒரு இழைய உருவி லைட்டர்ல காட்டினாரு. பேப்பர் எரியுற வாசனையோட எரிஞ்சு சாம்பலாப் போச்சு. அடுத்த சாக்குல ஒரு இழை எடுத்து காட்டினாரு, அது எரியறதுக்கு முன்னாடியே சுருங்கி உருகி நுனில ஒரு மணி மாதிரி கெட்டியாச்சு. கோணி நெய்யுற சணல் உருகாது, ஏன்னா அது செடியோட செல்லுலோஸ், சூடு ஏறினா கருகத்தான் செய்யும். பிளாஸ்டிக் சாக்குன்னா உருகும். போகி அன்னிக்கு எத எரிக்கக் கூடாதுன்னும் இதே டெஸ்ட்டுல தெரிஞ்சிடும்.

அப்புறம் அந்த வாசனை. புது கோணில லேசா கெரசின் மாதிரி ஒரு வாடை அடிக்கும்ல, அது சணலோட சொந்த வாசனை இல்ல. சணல் நார் ரொம்ப விறைப்பு, அப்படியே மிஷின்ல நூலா நூற்க முடியாது, அதனால மில்லுல எண்ணெயும் தண்ணியும் கலந்து தெளிச்சு ஊற வைப்பாங்க. 1830கள்ல ஸ்காட்லாந்துல டண்டீங்கிற ஊர்ல இதுக்கு திமிங்கல எண்ணெய பயன்படுத்தினாங்க, அந்த ஊர்ல திமிங்கல வேட்டை கப்பல்களும் இருந்துச்சு, நம்ம வங்காளத்து சணலும் அங்க போய் இறங்குச்சு, ரெண்டும் சேந்ததுல ஊரே சணல் ஊராயிடுச்சு. அப்புறம் 1855ல கல்கத்தா பக்கத்துல ரிஷ்ராங்கிற இடத்துல நம்ம நாட்டோட முதல் சணல் மில் வந்துச்சு. பின்னாடி திமிங்கலம் போயி மினரல் ஆயில் வந்துச்சு, நம்ம மூக்குல ஏறுறது அது தான். வெதுவெதுப்பான தண்ணில சோப்பு போட்டு ஒரு ராத்திரி ஊற வச்சு அலசினா பாதிக்கு மேல போயிடும். வாஷிங் மிஷின்ல மட்டும் போட்றாதீங்க, பஞ்சு பஞ்சா உதிர்ந்து அடைச்சுக்கும்.

இப்ப ஸ்டாருக்கு வருவோம்.

சணல் நார் செடியோட தண்டுல பட்டைக்குக் கீழ இருக்கிறது. வங்காளத்துல ஆள் உயரத்துக்கு மேல வளந்த செடிய வெட்டி கட்டு கட்டா தண்ணில அமுக்கி வைப்பாங்க, பத்து இருபது நாள்ல பாக்டீரியா நாரையும் பட்டையையும் ஒட்டி வச்சிருக்கிற பெக்டின்ங்கிற பசைய தின்னு தீர்த்துடும், அப்புறம் தண்ணில நின்னுக்கிட்டே கையால நார உரிப்பாங்க. தேங்காய் மட்டைய உப்பங்கழில ஊறப்போட்டு கயிறு திரிக்கிற அதே வேலை.

ஆனா சணல்ல ஒரு விசேஷம் இருக்கு. பருத்தில ஒரு நூலிழைய எடுத்தா அது ஒரே ஒரு செல், ஒரு இன்ச்சு அளவுக்கு நீளமா வளந்த ஒத்த செல். சணல்ல ஒரு நார் ரெண்டு மூணு மீட்டர் இருக்கும், ஆனா அது ஒரு செல் கெடையாது, ரெண்டு மூணு மில்லிமீட்டர் தான் இருக்கிற குட்டிக் குட்டி செல்லுங்க பக்கத்துல பக்கத்துல படுத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டது. ஒட்ட வைக்கிறது லிக்னினும் ஹெமிசெல்லுலோசும். லிக்னின் தான் மரத்துக்கு மரத்தன்மை குடுக்கிற பொருள். அதாவது கோணிங்கிறது பாதி துணி, பாதி மரம். பருத்தில லிக்னின் கிட்டத்தட்ட இல்ல, அதனால தான் பனியன் மெத்துனு இருக்கு, கோணி கைய அறுக்குது.

அந்த இன்னொரு ஒட்டுப் பொருள், ஹெமிசெல்லுலோசுக்கு தண்ணின்னா உயிர். காத்துல இருக்கிற ஈரத்தயே இழுக்கும். 20 டிகிரி சூடு, 65 சதவீதம் ஈரப்பதம்னு ஒரு கணக்கு வச்சு அளந்தா காஞ்ச பருத்தி 100 கிராம் எட்டரை கிராம் தண்ணி இழுக்கும், சணல் பதிமூணே முக்கால் கிராம். தொட்டா ஈரமே தெரியாது, உள்ள இருக்கும். நம்ம ராயபுரத்துல டிசம்பர் ராத்திரி ஈரப்பதம் அதுக்கெல்லாம் மேல, ஸ்டார் ராத்திரி பூரா குடிச்சுக்கிட்டே இருந்திருக்கு.

குடிச்சா நார் ஊதும். நீளத்துல ஊதாது, குறுக்கால தான் ஊதும், அதுல தான் மேட்டரே. நூல்ங்கிறது முறுக்கின நாருங்க. ஒரு கம்பத்துல சீரியல் லைட்ட பத்து சுத்து சுத்துறீங்கன்னு வைங்க, ஒல்லி கம்பமா இருந்தா மேல வரைக்கும் எட்டும், அதே லைட்ட தடி கம்பத்துல அதே பத்து சுத்து சுத்துனா பாதி உயரம் தான் வரும், ஏன்னா வயரெல்லாம் சுத்தளவுக்கே செலவாகுது. முறுக்குன நூலும் அப்படித்தான், உள்ள இருக்கிற நாருங்க ஊதி நூல் தடிச்சா மேல சுத்தின நாருங்க அதிக சுத்தளவு போகணும், அதனால மொத்த நூலும் நீளத்துல குறையும். நனைஞ்ச கயித்துக் கட்டில் டைட்டாகுறது, கொடிக்கயிறு மழைல வில்லு மாதிரி இழுத்துக்கிறது எல்லாம் இது தான்.

அட்டைக்கு வாங்க. அட்டையும் செல்லுலோஸ் தான், ஆனா அதுல முறுக்கு இல்ல, கூழைப் பரப்பி காய வச்சது, ஈரம் பட்டா அது விரியும். முன்பக்கம் கோணி சுருங்குது, பின்பக்கம் அட்டை விரியுது, நடுல ஃபெவிகால் ரெண்டையும் விடாம புடிச்சிருக்கு. வேற வழியே இல்ல, சுருங்குற பக்கமா வளைஞ்சு தான் ஆகணும். இஸ்திரிப்பெட்டிக்குள்ள சூடு ஏறினா தானா கட் ஆகுதே, அங்கயும் ரெண்டு உலோகத் தகட்ட ஒட்டி வச்சிருப்பாங்க, ஒண்ணு அதிகம் விரியும் இன்னொண்ணு கம்மியா விரியும், தகடு வளைஞ்சு கரண்ட்ட விட்டுடும். நான் தெரியாத்தனமா அதையே அஞ்சு முனைல செஞ்சு வச்சிருக்கேன். காலைல வெயில் வந்ததும் நிமிந்திருக்கணுமே? நிமிரல, ஏன்னா ஈரத்துல ஃபெவிகாலும் லேசா இளகியிருக்கு, வளைஞ்ச போஸ்லயே எல்லாம் காஞ்சு செட் ஆயிடுச்சு.

மருந்து ரொம்ப சிம்பிள், ரெண்டு பக்கமும் கோணி ஒட்டணும். ரெண்டு பக்கமும் ஒரே அளவு இழுத்தா யாருக்கும் ஜெயம் இல்ல. பிளைவுட்ல பெரும்பாலும் மூணு அஞ்சு ஏழுன்னு ஒத்தப்படைல அடுக்கு வைக்கிறதும் இந்த பேலன்சுக்காக தான். இல்லன்னா பழைய காலத்து மாதிரி காத்தாடி குச்சில ஃபிரேம் கட்டி அட்டையே இல்லாம செய்யலாம், மாஞ்சாவுக்குத் தான் தடை, மூங்கில் குச்சிக்கு இல்ல.

அத விட முக்கியமான வேலை, ஒட்டறதுக்கு முன்னாடியே கோணிய ஒரு வாட்டி நல்லா நனைச்சு காய வச்சிடணும். மில்லுல தறில இழுத்துப் புடிச்சு நெய்ஞ்சது, முதல் தண்ணில தான் ரொம்ப சுருங்கும், அந்தச் சுருக்கம் ஸ்டார்ல நடக்காம பக்கெட்லயே நடந்துடட்டும். அப்புறம் அர ஈரமா இருக்கும்போது இஸ்திரி போடுங்க. காஞ்ச கோணி மேல எவ்ளோ அழுத்தினாலும் மடிப்பு போகாது, ஈரமா இருந்தா ஒரே இழுப்புல தகடு மாதிரி படியும். இங்க லிக்னின் நமக்கு உதவுது, ஈரமும் சூடும் சேந்தா 100 டிகிரிய ஒட்டி அது இளகிடும், ஆறினா திரும்ப விறைக்கும். பச்ச மூங்கில தீல வாட்டி வளைக்கிறாங்கள்ல, அதே தான். ரிப்பன், பூ, இலை எது செய்யறதா இருந்தாலும் ஈரத்துல சுருட்டி கிளிப் போட்டு காய விட்டா அந்த வளைவு நிக்கும்.

வெட்டும்போது ஸ்கேல் பென்சில்லாம் வேணாம், வச்சாலும் கோணலா தான் வரும். வெட்ட வேண்டிய எடத்துல ஒரே ஒரு இழைய நகத்தால தூக்கி மெதுவா உருவுங்க. வரும். துணி அந்தப் பக்கம் சுருங்கிக்கிட்டே வரும், தடவி விட்டுக்கிட்டே இழுங்க, முழுசா வந்ததும் துணில ஒரு சந்து கோடு மாதிரி தெரியும், அதுலயே கத்தரிய ஓட்டுங்க. என் கிட்ட இருந்த துண்டுல ஒரு இன்ச்சுக்கு பத்து இழை எண்ணினேன், அவ்ளோ லூசான நெசவு. இழை ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு போற உராய்வு மட்டும் தான் புடிச்சு வச்சிருக்கு, வேற பசை கிசை இல்ல. அதனால தான் உருவ வருது, அதனால தான் ஓரமும் பிரியுது, ஓரத்துல இருக்கிற இழைக்குப் பக்கத்துல புடிச்சுக்க யாரும் இல்லையே. வெட்டப்போற கோட்டுல முன்கூட்டியே தண்ணி கலந்த ஃபெவிகால தடவி காய வச்சிட்டு வெட்டினா பிரியாது. மூலை வாட்டத்துல, அதாவது குறுக்கா வெட்டினாலும் கம்மியா தான் பிரியும், ஆனா அந்தத் துண்ட இழுத்தா ரப்பர் மாதிரி நீளும், பூ இதழுக்கு அது தான் வேணும், ஸ்டாருக்கு வேணவே வேணாம்.

விறைப்பாக்க எங்க அத்த சோத்துக் கஞ்சி தான் போடுவாங்க. அரிசில இருக்கிற ஸ்டார்ச் மணிங்க வேகும்போது தண்ணிய குடிச்சு ஊதி உடைஞ்சு சங்கிலி சங்கிலியா வெளிய வரும், அது நாருக்கு நடுல புகுந்து காஞ்சா மொடமொடன்னு ஆயிடும். ஓசி, அழகு. ஆனா அதுவும் தண்ணிக்கு அடிமை, ஈரக் காத்துல தொவண்டுடும், கூடவே ராமபாணப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் சாப்பாடு. போஸ்டர் ஒட்டற மைதா பசைல மயில்துத்தம் கலக்குறது இதுக்கு தான், ஆனா அது விஷம், குழந்தைங்க இருக்கிற வீட்டுல வேணாம். வீட்டுக்குள்ள வைக்கிறதுக்கு கஞ்சி, வெளிய தொங்குறதுக்கு ஃபெவிகாலும் தண்ணியும் பாதிப் பாதி, இது தான் என் முடிவு.

குளூ கன் நல்லா புடிக்கும், ஏன்னா உருகின பசை கோணி ஓட்டைக்குள்ள இறங்கி அந்தப் பக்கம் போய் கொக்கி மாதிரி உறையுது. ஆனா ஈரக் கோணில அடிச்சா புடிக்காது, தண்ணி சூட்ட எல்லாம் உறிஞ்சிடும், பசை உள்ள இறங்கறதுக்கு முன்னாடியே மேலாப்புல உறைஞ்சு தோலு மாதிரி உரிஞ்சு வரும். இன்னொண்ணு, அந்த ஓட்டை வழியா பசை விரல்லயும் வரும். எனக்கு கொப்புளமே வந்துச்சு. அடில ஒரு பழைய தட்டு வச்சுக்கோங்க. இல்லன்னா கோணி ஊசியும் சணல் கயிறும் போதும், அதுக்குன்னே பொறந்த ஊசி அது.

குடில் வைக்கிற வீடுகள்ல மலை செய்யறதுக்கு கோணிய களிமண் கரைசல்லயோ சிமெண்ட் பால்லயோ முக்கி, பெட்டி மேல போத்தி கசக்கி விட்டு காய விடுவாங்க. சிமெண்ட் அழுத்தத்த தாங்கும், இழுத்தா விரிசல் விடும். கோணி இழுவைய தாங்கும், அழுத்துனா மடங்கிடும். ரெண்டும் சேந்தா மெல்லிசா இருந்தும் நிக்கும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல தென்னை நார் போட்டு ஃபால்ஸ் சீலிங் செய்றதும் இந்தக் கணக்கு தான். சிமெண்ட் பால் கைய அரிக்கும், கிளவுஸ் போட்டுக்கோங்க. அந்தக் குடிலுக்குள்ள மெழுகுவத்தி மட்டும் வேணாம், கோணி பூரா மயிர் மயிரா நீட்டிக்கிட்டு இருக்கிற நாருல நெருப்பு ஒரு நொடில ஓடிடும். எல்ஈடி சீரியல் செட்டு போதும்.

கலர் விஷயத்துல ரெண்டே வார்த்தை. வெயில் பட்டா லிக்னின் பழுப்பாகும், பழைய பேப்பர் மஞ்சளாகுற அதே காரணம், அத தடுக்க முடியாது. வெள்ளையாக்குறேன்னு பிளீச்சிங் பவுடர்ல போட்றாதீங்க, குளோரின் லிக்னின போட்டு தாக்கி நாரு நைஞ்சு போயிடும். பொங்கல் தோரணத்துக்கு மஞ்சள் கரைச்ச தண்ணில முக்கினா சூப்பரா ஏறும், அது மேல சுண்ணாம்புத் தண்ணி தொட்ட எடமெல்லாம் ஆரத்தி தட்டு மாதிரி செவந்துடும். ஆனா வெயில்ல ரெண்டும் சீக்கிரம் வெளுத்துடும், நாலு நாள் பண்டிகைக்குத் தாராளம்.

இந்த வருஷ ஸ்டார் மாடில தொங்குது. நனைச்சு, இஸ்திரி போட்டு, ரெண்டு பக்கமும் ஒட்டி. ஒரு வாரமா ராத்திரி பூரா ஈரக் காத்து, நாலு முனை ஆணி அடிச்ச மாதிரி நேரா இருக்கு. அஞ்சாவது முனைக்கு பின்பக்கம் ஒட்ட துணி பத்தல, சரி பரவால்லன்னு முன்பக்கத்தோட விட்டேன். அது மட்டும் சுருண்டுடுச்சு. ஆயா காலைல எண்ணிப் பாத்துட்டு, "இந்த வாட்டி ஒரு கருவாடு தான்"னாங்க. நாளைக்கு மண்டிக்குப் போய் இன்னொரு கோணி வாங்கணும்.