இரண்டும் 4 ஜீபி றாம்தான், ஒன்று மட்டும் ஏன் வேலை செய்வதில்லை?

"அண்ணை, முந்தி இருந்ததும் டிடிஆர்3 4 ஜீபி, இதுவும் அதுதான். பின்னை ஏன் ஸ்கிரீன் வருதில்லை?" யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதிப் பக்கம் கொம்பியூட்டர் திருத்துகிறவர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. டிடிஆர்3 என்பது றாமின், அதாவது கொம்பியூட்டரின் நினைவகப் பலகையின், ஒரு தலைமுறை. பழைய இன்ரெல் ஜி41 சிப்செட் (றாமைக் கையாளும் சில்லு) உள்ள மதர்போட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கேட்டால், றாமும் பழுதில்லை, போட்டும் பழுதில்லை என்பதுதான் பல வேளைகளில் பதில்.

றாமைக் கையில் எடுத்துக் கறுப்புச் சில்லுகளை எண்ணிப் பாருங்கள். ஒரு பைட்டுக்கு 8 பிட், ஆகவே 4 ஜிகாபைட் என்பது 32 ஜிகாபிட். 16 சில்லு இருந்தால் ஒவ்வொன்றிலும் 2 ஜிகாபிட். 8 சில்லு மட்டும் இருந்தால் ஒவ்வொன்றிலும் 4 ஜிகாபிட். மொத்தம் ஒன்றுதான். ஆனால் ஜி41 சிப்செட் 2 ஜிகாபிட் சில்லு வரைக்கும்தான் கையாளும்.

ஏன் என்று கேட்டால், எல்லாம் முகவரிக் கணக்கு. 2 ஜிகாபிட் சில்லை ஒரு ஊர் என்று வையுங்கள். அதில் 8 குறிச்சிகள், குறிச்சிக்கு 32,768 ஒழுங்கைகள், ஒழுங்கைக்கு 1,024 வீடுகள், வீட்டுக்கு 8 பிட். ஒரு கம்பி 0 அல்லது 1 என்று மட்டும் சொல்லும், கம்பி ஒன்று கூடினால் சொல்லக்கூடிய எண்கள் இரட்டிக்கும். அப்படி ஒழுங்கை எண்ணைச் சொல்ல 15 கம்பிகள் போதும். 4 ஜிகாபிட் சில்லில் ஒழுங்கைகள் மட்டும் இரட்டிப்பாகி 65,536 ஆகின்றன. அதற்கு 16ஆவது கம்பி வேண்டும். பழைய சிப்செட்டின் கணக்கு 15உடன் முடிந்துவிடுகிறது. சில போட்டுகள் பாதியை மட்டும் காட்டும், சிலது பீப் அடிக்கும், சிலது கறுப்புத் திரையோடு சும்மா நிற்கும்.

சில்லை எண்ணச் சோம்பலாக இருந்தால் லேபலைப் பாருங்கள். டிடிஆர்3 4 ஜீபியில் "2ஆர்×8" என்றால் 16 சில்லு, "1ஆர்×8" என்றால் 8 சில்லு. ஜி41க்கு முதலாவதைத்தான் கேட்டு வாங்கவேண்டும். அப்புறம், மலிவாக வருகிற "ஏஎம்டி மட்டும்" என்ற றாமிலும் 16 சில்லு இருக்கும். அதை நம்பி வாங்கிவிடாதீர்கள். அவை ஒரு தடவைக்கு 4 பிட் தரும் வகைச் சில்லுகள். இன்ரெல் டெஸ்க்டொப் போட்டுகள் அதை ஏற்காது.

சரி, பொருத்தமான றாம்தான், முந்தி ஓடியதுதான், இப்போது மட்டும் வரவில்லை என்றால் விஷயம் வேறு. மாரி முடிந்த கையோடு மூடியைத் திறந்தால் பொன்னிறத் தொடுமுனைகளில் மங்கலான படலம் தெரியும். அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அதிலுள்ள நுண்துளைகள் வழியாக ஈரமும் கடற்காற்றின் உப்பும் அடியிலுள்ள உலோகத்தை அரிக்கும். பென்சில் அழிறப்பரால் தேய்ப்பது எங்கள் ஊர் வைத்தியம், வேலையும் செய்யும். ஆனால் அடிக்கடி தேய்த்தால் பூச்சே போய்விடும். ஐசோபுரொப்பைல் அல்ககோல் நனைத்த துணி நல்லது. மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்னை வெளியேற்றி, பிறகு கை வையுங்கள். திரும்பப் பொருத்தும்போது இரு ஓரத்தையும் சமமாக அழுத்தவேண்டும். கொழுவி தானாக "டக்" என்று விழாவிட்டால் றாம் முழுதாக இறங்கவில்லை. றாமின் அடியோரத்திலுள்ள வெட்டு இடம் பொருந்தாவிட்டால் பலவந்தம் வேண்டாம், அது வேறு தலைமுறை றாம்: டிடிஆர்3க்கு 240 முனை, டிடிஆர்4க்கு 288, மின்னழுத்தமும் 1.5 வோல்ற்றிலிருந்து 1.2க்குக் குறைந்துவிட்டது.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவந்து தரும் றாமில் மட்டும் வெட்டை நம்பமுடியாது. சேர்வரில் கழற்றிய டிடிஆர்3 றாம் வீட்டுப் போட்டிலும் அழகாக இறங்கும், ஆனால் ஓடாது. முகவரிச் சமிக்ஞைகளை இடையில் வாங்கி அனுப்பும் தனிச் சில்லு ஒன்று அதில் உண்டு, வீட்டுப் போட்டுக்கு அது புரியாது. லேபலில் "பிசி3-10600ஆர்" என்று கடைசியில் ஆர் எழுத்து இருந்தால் அது அந்த வகை. வீட்டு மெஷினுக்கு அந்த இடத்தில் யூ இருக்கவேண்டும்.