ஆக்சிஜனேற்ற அழுத்தமா, ஆக்சிஜனேற்ற நெருக்கடியா?

மன்னார்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் பெரியம்மாவுக்குக் கண்ணில் அழுத்தம் கூடியிருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார்கள். மூன்று மாதம் தவறாமல் விட்டார். பிறகு ஒருநாள் ஊரில் கையில் பட்டை கட்டிப் பார்த்தவர்கள் "அழுத்தம் சரியா இருக்கு" என்றார்கள். அன்றோடு மருந்தை நிறுத்திவிட்டார். "அழுத்தம் இல்லன்னுட்டாங்களே தம்பி, இன்னும் எதுக்கு?" என்று என்னிடமே கேட்டார். அவர்கள் பார்த்தது ரத்த அழுத்தம். கண் அழுத்தம் வேறு. எங்களுக்கு விஷயம் தெரிவதற்குள் அரை வருஷம் போய்விட்டது. கண் அழுத்த நோயில் (குளுக்கோமா) போன பார்வை திரும்ப வராது.

இந்த இரண்டு அழுத்தம் போதாதென்று மூன்றாவதாக ஒன்றும் வந்திருக்கிறது. 'வயதாவதால் ஏற்படும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் கண்புரைக்கும் கண் அழுத்த நோய்க்கும் காரணமாகிறது' என்பது போன்ற வரிகளை இப்போது நிறையப் பார்க்கிறேன். இதைப் பெரியம்மா படித்தால், ஏதோ காற்று கண்ணை உள்ளிருந்து அழுத்துகிறது என்றுதான் நினைப்பார். அப்படி எதுவும் அழுத்துவதில்லை.

'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்ற ஆங்கிலத் தொடரைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள். சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். ஆக்சிஜன் என்ற பெயரை 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு வேதியியலர் லவாய்சியே வைத்தார். கிரேக்கத்தில் 'புளிப்பை உண்டாக்குவது' என்று பொருள். எல்லா அமிலத்திலும் அது இருக்கிறது என்று அவர் நம்பினார்; நம்பிக்கை தவறு, பெயர் மட்டும் நின்றுவிட்டது. தமிழில் பிராணவாயு, உயிர்வளி என்கிறோம். ஆக்சிஜனேற்றம் என்பதை இலங்கைப் பாடநூல்கள் ஒட்சியேற்றம் என்று எழுதும். இரும்பு துருப்பிடிப்பதும் நறுக்கி வைத்த வாழைக்காய் கறுப்பதும் அந்த வகை வேலைதான்.

சிக்கல் 'ஸ்ட்ரெஸ்' என்ற பின்பாதியில் இருக்கிறது. அதன் வேர் லத்தீனில் இறுக்கிக் கட்டுவதைக் குறிக்கும் சொல். ஆங்கிலத்துக்கு வந்தபோது முதலில் துன்பம், நெருக்கடி என்ற பொருளில்தான் வழங்கியது. பின்னால் பொறியியல் அதை எடுத்துக்கொண்டது. மருத்துவ ஆய்வாளர் ஹான்ஸ் செலியே அதை உடலியலில் பரப்பினார். 1985இல் ஜெர்மனியின் உயிர்வேதியியலர் ஹெல்முட் சீஸ் 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' என்ற தொடருக்கு வரையறை கொடுத்தார். உடலில் ஆக்சிஜனேற்றத்தால் தாக்கும் மூலக்கூறுகளும் அவற்றை அடக்கும் காப்புப் பொருள்களும் எப்போதும் உண்டு. தாக்குவதன் கை ஓங்கி, காப்பு ஈடுகொடுக்க முடியாமல் போகும் நிலையே அது. ஆக, இந்தச் சொல்லின் உயிர் சமநிலைக் குலைவில் இருக்கிறது. அழுத்தம் என்று மொழிபெயர்த்தால் அந்தக் குலைவு காதில் விழுவதே இல்லை.

கண்ணில் இது எப்படி நடக்கிறது? விழிக்குள் இருக்கும் வில்லையின் (லென்ஸ்) நடுப்பகுதி நாம் பிறக்கும் முன்பே உருவானது. தோலும் நகமும் புதிதாக வளர்ந்துகொண்டே இருக்கும்; அது அப்படிப் புதுப்பிக்கப்படுவதில்லை. எழுபது வயதுக்காரரின் வில்லை நடுவில் இருக்கும் புரதத்துக்கும் எழுபது வயது. அதைக் காப்பது குளுட்டாதயோன் என்ற பொருள். வயது ஏற ஏற நடுப்பகுதியில் அது குறைகிறது. புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன, ஒளி சிதறுகிறது. அதுதான் கண்புரை. விழியின் பின்பக்கக் கூழை அறுவை செய்து எடுத்தவர்களில் வயதானவர்களுக்கு ஓரிரு ஆண்டுகளிலேயே புரை முற்றுவதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள். ஆக்சிஜன் வில்லையை எட்டாமல் பார்த்துக்கொண்டிருந்ததே அந்தக் கூழ்தான். இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

புரை என்ற சொல்லைப் பற்றி ஆசையாகவே சொல்ல வேண்டும். 'கேட்டரேக்ட்' என்றால் லத்தீனில் அருவி. கண்ணுக்குள் நீர் இறங்குவதாக அரபு மருத்துவர்கள் எண்ணியதன் மொழிபெயர்ப்பு அது. நம் புரைக்கு அப்படிப்பட்ட பிழையான கதை இல்லை. புரை என்றால் குற்றம், உட்குழிவு. 'புரைதீர்ந்த நன்மை' என்கிறது 292ஆம் குறள். புண் புரையோடுகிறது, சோறு புரையேறுகிறது. பாலில் குத்தும் பிரையையும் புரை என்று சொல்லும் வீடுகள் உண்டு. அது இதே வேர்தான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் தெளிந்த பொருள் திரிந்து வெளுப்பது இரண்டிலும் ஒன்றே. தஞ்சையில் மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்துக் கண் நோயாளிகளின் குறிப்புகள், கண் ஓவியங்களோடு, சரஸ்வதி மகால் நூலகத்தில் இன்னும் இருக்கின்றன. கண்ணைப் பற்றிப் பேச நம் மண்ணுக்குச் சொற்பஞ்சம் வந்ததில்லை.

கண் அழுத்த நோயில் கதை வேறு. கண்ணுக்குள் நீர் ஊறிக்கொண்டே இருக்கும். ஊறியது ஒரு சல்லடைத் திசு வழியே வெளியேற வேண்டும். டெல்டாக்காரருக்கு இதை விளக்கத் தேவையே இல்லை: வாய்க்கால் வேறு, வடிகால் வேறு. வடிகால் தூர்ந்தால் சம்பா மூழ்கும்; கண்ணில் அழுத்தம் ஏறும். அந்தச் சல்லடையின் உயிரணுக்களை ஆக்சிஜனேற்றம் நலிவடையச் செய்கிறது. பார்வை நரம்பையும் அது தாக்குகிறது. அழுத்தம் சரியாக இருந்தும் நரம்பு கெடுவோர் உண்டு. அவர்களைப் பற்றி எழுதும் இடத்தில் இரண்டு அழுத்தத்தையும் ஒரே வரியில் போட்டால் வாசகர் என்னதான் செய்வார்?

மாற்றாக இயற்பியல் பாடநூலின் 'தகைவு' உண்டு. சரியான சொல், ஆனால் பள்ளிக்கூடத்துக்கு வெளியே யாரும் சொல்வதில்லை. 'இறுக்கம்' வேருக்கு நெருக்கம்; ஆனால் அது மனத்தையும் தசையையும் நினைவூட்டும். என் தேர்வு 'ஆக்சிஜனேற்ற நெருக்கடி'. வரவு செலவைத் தாங்காத நிலையை நெருக்கடி என்றுதான் சொல்கிறோம். சீஸ் சொன்னதும் அதுவே. கண்ணுக்குள் பாயும் நீருக்கு மட்டும் அழுத்தம் இருக்கட்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. நெருக்கடி என்றதும் அதைத் தீர்க்கும் வைட்டமின் மாத்திரையைத் தேட வேண்டாம். அமெரிக்காவில் 2001இல் வெளியான பெரிய ஆய்வில், அதிக அளவு வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின் கொடுத்தும் புரை தடைபடவில்லை. புரைக்கு அறுவை சிகிச்சை. அழுத்த நோய்க்கு அழுத்தத்தைக் குறைக்கும் மருந்தோ லேசரோ அறுவையோ. புகைபிடிப்பதை நிறுத்தினால் புரை வரும் அபாயம் குறையும் என்பது உறுதி.

பெரியம்மாவிடம் இப்போது அழுத்தம் என்று சொல்வதையே விட்டுவிட்டேன். "கண்ணுல வடிகால் அடைச்சிருக்கு பெரியம்மா, இந்தச் சொட்டு விட்டாத்தான் தண்ணி மட்டம் எறங்கும்" என்றேன். "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமேப்பா" என்றார். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவரே மருந்தை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடுகிறார்.