நடுவர் என்றால் தீர்ப்பு எங்கே?

அமெரிக்க அதிபர் தேர்தலுக்காகக் கமலா ஹாரிஸும் டிரம்பும் பிலடெல்பியாவில் விவாதித்தபோது நமக்கு 2024 செப்டம்பர் 11, காலை ஆறரை மணி. அன்று பகல் முழுக்க ஒரு தமிழ்ச் செய்தி சேனலில் ஒரே பாட்டு: "நடுவர்கள் டேவிட் முயர், லின்சி டேவிஸ்." பொறுத்துப் பார்த்தேன். "நடுவரின் கேள்விக்கு டிரம்ப் திணறல்" என்று மாலையிலும் ஓடியது. நடுவர் எதற்குக் கேள்வி கேட்கிறார்?

விவாதத்தை நடத்துகிறவர் ஆங்கிலத்தில் மாடரேட்டர். லத்தீனில் 'மோடுஸ்' என்றால் அளவு. பேச்சு அளவு மீறாமல் பார்த்துக்கொள்கிறவர். வேர்க்கதை அவ்வளவுதான்.

நம் நடுவர் வேறு ஆள். இரு பக்கமும் கேட்டுவிட்டு முடிவு சொல்கிறவர். பட்டிமன்றத்தில் கூட்டம் கலையாமல் உட்கார்ந்திருப்பதே அவர் தீர்ப்புக்காகத்தான். காவிரி நடுவர் மன்றம் 2007-இல் இறுதித் தீர்ப்பு சொன்னது. குற்றவியல் நடுவர் சிறைக்கே அனுப்புவார். கிரிக்கெட் நடுவர் விரலைத் தூக்கினால் ஆட்டக்காரர் நடையைக் கட்ட வேண்டியதுதான். முயர் யாரை அனுப்பினார்?

"டிரம்பைத் திருத்தினாரே, அது தீர்ப்பு இல்லையா?" என்று நண்பர் ஒருவர் மடக்கினார். ஒஹையோ மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் குடியேறிகள் வளர்ப்பு நாய்களைத் தின்கிறார்கள் என்று டிரம்ப் சொன்னதும் முயர் குறுக்கிட்டு, நகர நிர்வாகியிடம் கேட்டோம், நம்பத்தகுந்த புகார் எதுவும் இல்லையாம் என்றார். சரி, தகவலைத் திருத்தினார். வென்றது யார் என்றா சொன்னார்? 1960-இல் கென்னடியும் நிக்சனும் மோதிய முதல் தொலைக்காட்சி விவாதத்தில் ஹோவர்ட் ஸ்மித், தொடக்க உரைக்கு ஆளுக்குச் சுமார் 8 நிமிடம், முடிவுரைக்கு 3 நிமிடம் என்று விதியைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். 2024 ஜூனில் அட்லாண்டாவில் பைடனும் டிரம்பும் விவாதித்தபோது, ஒருவர் பேசுகையில் மற்றவர் மைக்கை அணைத்தே வைத்தார்கள். எல்லாம் அளவு பார்க்கிற வேலை.

(அந்தச் சேனல் 'அதிபர் விவாதம்' என்றும் போட்டது. அன்று மேடையில் இருந்தவர்கள் ஒரு முன்னாள் அதிபரும் ஒரு துணை அதிபரும். 'அதிபர் வேட்பாளர் விவாதம்' என்றால் என்ன குறைந்துவிடும்? இலங்கையில் அதிபர் என்றால் பள்ளித் தலைமையாசிரியர். அங்கே இதைப் படிக்கிறவர் என்ன நினைப்பாரோ.)

அப்புறம் 'மட்டுறுத்துநர்' இருக்கிறது. இணையக் குழுக்களில் பழகிய சொல். மட்டு என்றாலும் அளவுதான். ஆகவே பொருளில் நூற்றுக்கு நூறு. ஆனால் நேரலையில் வேகமாக மூன்று முறை சொல்லிப் பாருங்கள். காதில் விழும்போது யாரையோ மட்டம் தட்டுகிறவர் போலவும் இருக்கிறது. கருத்துகளை வடிகட்டுகிறவருக்கு அது இருக்கட்டும்.

என் ஓட்டு 'நெறியாளர்' என்பதற்கு. முனைவர் பட்ட மாணவருக்கும் நெறியாளர் உண்டே, குழப்பாதா என்பார்கள். அவர் ஆய்வு நெறியாளர், இவர் விவாத நெறியாளர். இதில் யாரும் தடுக்கி விழப்போவதில்லை. எனக்குப் புரியாதது ஒன்றுதான்: அதே சேனல் தன் இரவு விவாதத்தை நடத்துகிறவரை 'நெறியாளர்' என்றுதான் அறிமுகப்படுத்துகிறது. அவரோ விருந்தினர் வாய் திறக்குமுன்னே தீர்ப்பு சொல்லி முடித்துவிடுகிறார்.