சினைச்சுறா: ஓவோவிவிபாரிட்டிக்கு நம் சொல்

"சினைச் சுறவின் கோடு நட்டு
மனைச் சேர்த்திய வல்லணங்கினான்"

காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் முழுநிலா நாளில் கடலுக்குப் போகவில்லை. சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வணங்கினார்கள், தாழம்பூச் சூடினார்கள், பனங்கள் குடித்து ஆடினார்கள். பட்டினப்பாலை காட்டும் காட்சி இது. கொம்பு என்றதும் வாள்போல் நீண்டு இருபுறமும் பல் வைத்த மூக்குள்ள வேளா மீன்தான் நினைவுக்கு வருகிறது. அதைத்தான் புலவர் சொல்கிறார் என்று கொள்வதே பொருந்தும்.

வெறும் சுறா என்று சொல்லியிருக்கலாம். 'சினைச் சுறவு' என்கிறார். 'மனை'க்கு எதுகையாக 'சினை' வந்தது என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. வயிற்றில் குட்டி தாங்கும் மீன் எது என்பது மீனை அறுத்துப் பார்க்கும் ஊருக்குத் தெரியும். அந்த ஊரின் பேச்சிலிருந்துதான் சொல் பாட்டுக்கு வந்திருக்கும். முட்டை தாயின் வயிற்றுக்குள்ளேயே பொரிந்து குட்டியாக வெளிவருவதை அறிவியல் ஓவோவிவிபாரிட்டி என்கிறது; அதற்கு இந்தச் 'சினை'யே போதும் என்பதுதான் நான் சொல்லவருவது.

இன்றைக்கும் டெல்டாவில் அந்தச் சொல் 'செனை' என்ற உருவில் புழங்குகிறது. "மாடு செனையா இருக்கு", "செனை ஊசி போடணும்" என்பது வயல்பக்கத்துப் பேச்சு. அதே வீட்டில் மத்தியானம் மீன் கழுவும்போது வயிற்றிலிருந்து வரும் முட்டைக் கொத்துக்கும் செனை என்றுதான் பெயர். தரங்கம்பாடிக் கரையில் ஒருநாள் பால்சுறா அறுத்துக்கொண்டிருந்த அம்மா கத்தியை நிறுத்திவிட்டு, "இது செனை மீனு தம்பி, உள்ள நாலு குட்டி கெடக்கு" என்றார். முட்டைக்கும் குட்டிக்கும் அவரிடம் ஒரே சொல். அவர் குழப்பிக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லின் பொருளே அப்படி அமைந்திருக்கிறது.

கோழி இட்டுவிட்ட முட்டையை யாரும் சினை என்பதில்லை. உடலுக்குள் இருக்கும்வரைதான் சினை. வெளியே வந்தபின் அது முட்டை, குட்டி, கன்று. பெண்ணைப் பேச்சில் 'செனை' என்று சொல்லமாட்டோம். 'மாசமா இருக்கா', 'முழுகாம இருக்கா' என்போம். ஆனால் மருத்துவத் தமிழில் 'சினைப்பை', 'சினைமுட்டை' என்று அவளுக்கும் அந்தச் சொல் வந்து சேர்ந்துவிட்டது.

வேர் பக்கம் போனால் இன்னும் தெளியும். சினைத்தல் என்றால் அரும்புதல், கருக்கொள்ளுதல். மரத்தின் கிளைக்கும் சினை என்று பெயர். இலக்கணத்தில் முழுப்பொருளை 'முதல்' என்றும், அதன் உறுப்பைச் 'சினை' என்றும் படித்திருக்கிறோம். கை, கால், கிளை, இலை எல்லாம் சினைப்பெயர். அரும்பு, கிளை, உறுப்பு, கரு நான்குக்கும் பொதுவாக ஒன்று உண்டு: தாயுடலிலிருந்து கிளைத்து, இன்னும் அதை விட்டுப் பிரியாதது.

இப்போது அறிவியல் சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'ஓவும்' முட்டை, 'வீவுஸ்' உயிருள்ளது, 'பரேரே' ஈனுதல். மூன்றையும் ஒட்டியதுதான் ஓவோவிவிபாரிட்டி: முட்டை தாயின் உடலுக்குள்ளேயே பொரிந்து, குட்டியாக வெளிவருவது. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'முட்டை உயிர் ஈனல்' என்று பொருளில்லாத கோவைதான் மிஞ்சும். சுறாவை ஆராய்பவர்களே இந்தச் சொல்லைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டார்கள். குட்டியாகத்தானே பிறக்கிறது, பிறகு இதில் முட்டையைத் தனியே சொல்வானேன் என்பது அவர்கள் கேள்வி. கரு எங்கே பொரிகிறது என்பதைவிட எதைத் தின்று வளர்கிறது என்பதே இப்போது பகுப்புக்கு அடிப்படை.

முட்டையா குட்டியா என்ற குழப்பத்துக்குத் திமிங்கலச் சுறாவே சாட்சி. 1953இல் மெக்சிகோ வளைகுடாவில் அதன் முட்டையுறை ஒன்று கிடைத்தது; உள்ளே உயிருள்ள கரு. உலகின் மிகப் பெரிய மீன் முட்டையிடும் இனம் என்று பலரும் நம்பினார்கள். 1995இல் தைவான் கடலில் பிடிபட்ட ஒரு பெண் மீனின் வயிற்றில் சுமார் 300 கருக்கள் இருந்தன. சில இன்னும் உறைக்குள், சில உறையை விட்டு வெளியே. அந்த மீனைப் பார்த்தால் நம் ஊரில் எவரும் ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள்.

ஆகவே என் பரிந்துரை: ஓவோவிவிபாரிட்டிக்குப் புதுச்சொல் கட்டுவதை விட்டுவிட்டு, சினையை வைத்துக்கொண்டு முன்னே ஓர் அடைமொழி சேர்ப்போம். தன் மஞ்சள்கருவை மட்டும் தின்று வளர்வது கருவுணவுச் சினை. பட்டினப்பாலையின் வேளா மீன் இந்த வகைதான். பிறக்காத வேளாக் குட்டியின் வாள்மூக்கு மென்மையாகவும் உறை மூடியதாகவும் இருக்கும், தாயின் வயிறு கிழியாதபடி. திருக்கைகள் பலவற்றில் மஞ்சள்கரு தீர்ந்தபின் கருப்பையின் சுவரிலிருந்து நீளும் மெல்லிய இழைகள் கொழுப்பு மிகுந்த பாலைச் சுரந்து ஊட்டுகின்றன. அது பால்சினை. மணற்புலிச்சுறாவின் குட்டி ஒரு படி மேலே போகிறது. கருப்பைக்குள்ளேயே உடன்பிறப்புகளைத் தின்றுவிட்டு, இரண்டு கருப்பைகளிலும் ஆளுக்கு ஒன்றாக இரண்டே பிறக்கின்றன.

எனக்கு மிகவும் வியப்பானது கொடிச்சினை. பால்சுறாவிலும், சுத்தியல்போல் தலையுள்ள கொம்பன்சுறாவிலும் வெறுமையான கருவுணவுப் பை கருப்பைச் சுவரோடு ஒட்டி, நஞ்சுக்கொடிபோல் ஆகிவிடுகிறது. அறுத்துப் பார்த்தால் குட்டியின் நெஞ்சுப்பக்கத்திலிருந்து கொடி ஓடுவது தெரியும். சுறாவில் ஒருவகை இப்படித் தாயோடு ஒட்டி வளர்கிறது என்று 2300 ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் எழுதிவைத்தார். நெடுங்காலம் அதைப் பொருட்படுத்துவார் இல்லை. ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் யோஹானஸ் முல்லர் 1842இல் அவர் சொன்னது சரி என்று நிறுவினார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று பால்சுறாப் புட்டு அவித்துக் கொடுக்கிற ஊர் நம்முடையது. அந்த மீனே தன் குட்டியைக் கொடியால் ஊட்டி வளர்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல எனக்கு ஆசை.

எல்லாச் சுறாவும் சினைச்சுறா ஆவதில்லை. மூங்கில்சுறாக்கள் தோல்போன்ற உறைக்குள் முட்டையிட்டுக் கடலடியில் விட்டுவிடும். அங்கே 'முட்டையிடும் சுறா' என்றாலே போதும்.

சினைக்கு முன்னால் புணர்ச்சி உண்டு. அங்கேயும் ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். ஆண் சுறாவையும் திருக்கையையும் மல்லாத்தினால் இடுப்புத் துடுப்புகளின் உட்புறம் இரண்டு நீண்ட உறுப்புகள் தொங்கும். ஆங்கிலத்தில் கிளாஸ்பர்; கட்டிப்பிடிப்பது என்று பொருள். பெண்ணைப் பற்றிக்கொள்ளவே அவை என்று ஒரு காலத்தில் நினைத்த பெயர். 'பற்றுறுப்பு' என்று பெயர்த்தால் அந்தப் பிழையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறோம். உண்மையில் பற்றுவது வாய்தான். ஆண், பெண்ணின் மார்புத் துடுப்பைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும். நீலச்சுறாவில் பெண்ணின் தோல் ஆணின் தோலைவிட இருமடங்குக்கு மேல் தடித்திருப்பது இதனால்தான். அட்லாண்டிக் கடலின் ஒரு திருக்கையில் ஆணின் தட்டைப் பற்கள் இனச்சேர்க்கைக் காலத்தில் மட்டும் கூராக மாறும். அந்த இரண்டு உறுப்புகளின் வேலை விந்தைச் செலுத்துவது. ஒரு முறைக்குப் பெரும்பாலும் ஒன்றுதான் பயன்படுகிறது. கிரேக்கச் சொல்லான மிக்ஸோப்டெரிஜியம் இதைச் சரியாகச் சொல்லிவிட்டது: 'மிக்ஸிஸ்' கலத்தல், 'டெரிஜியோன்' சிறு துடுப்பு. தமிழிலும் 'கல' என்ற வேரிலிருந்துதானே கலவி? 'கலவித்துடுப்பு' என்றால் எழுத்துக்கு எழுத்து நிற்கும்.

அந்த உறுப்பு வெளியே தெரிவதால்தான் சுறாவில் ஆண் பெண் பார்ப்பது எளிது. மற்ற மீன்கள் பலவற்றில் வயிற்றைக் கிழிக்காமல் சொல்ல முடியாது. தொல்காப்பியத்தின் மரபியல் எருமை, மான் முதலியவற்றின் ஆணுக்கு 'ஏறு' என்ற பெயரைக் கொடுத்துவிட்டு, "கடல்வாழ் சுறவும் ஏறெனப் படுமே" என்று ஒரு தனி நூற்பா வைக்கிறது. மீன்களில் சுறாவுக்கு மட்டும் அந்தப் பெயர். மல்லாத்திப் பார்த்தவர்கள் சொல்லித்தான் இது இலக்கணத்துக்கு வந்தது என்பது என் ஊகம்.

சொல் சரியாக இருந்தால் கணக்கும் சரியாகும். நம் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. முட்டையைக் கடலில் தூவிவிடும் மீன்களை மனத்தில் வைத்துப் பார்த்தால் இந்த ஏற்பாடு புரியும். கொம்பன்சுறா 9 மாதத்துக்கு மேல் சினை தாங்குகிறது. தடைக்கு முன்னும் பின்னும் வலையில் வருவது சினைச்சுறாவாகவே இருக்கலாம். வேளா மீனைப் பிடிக்கவே கூடாது. 2001 முதல் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது.

நாகப்பட்டினத்திலோ பழையாறிலோ கரையேறும் சுறாக்களை அளந்து குறிக்க ஒரு படிவம் தமிழில் அச்சாகும் என்றால், 'ஆண்', 'கருவுற்ற பெண்' என்று போட வேண்டாம். 'ஏறு', 'சினை' என்று இரண்டு கட்டம் போட்டால் மீன் அறுக்கும் அம்மாவே நிரப்பிக் கொடுத்துவிடுவார்.