செக் ஜாவால தண்ணிதான் காலண்டர்

சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்ல தே தாரே குடிச்சுக்கிட்டு இருக்கும்போது மச்சான் கேட்டாரு, "ஏன் மாப்ள, ஜனவரியிலயும் வேர்க்குது ஜூலையிலயும் வேர்க்குது, இந்த ஊர்ல ஏதுடா சீசன்? ஜப்பான் போய் செர்ரி பூவ எடுத்தாலும் ஒரு நியாயம் இருக்கு, உபின் தீவுல போய் என்னத்த படம் எடுக்கப்போற?"ன்னு.

அப்போ எனக்கு பதில் சொல்லத் தெரியல. ப்ளான் மட்டும் இருந்துச்சு. சாங்கி பாயிண்ட்ல பம்போட்ங்கற சின்னப் படகு ஏறி புலாவ் உபின் போறது, அங்கேர்ந்து சைக்கிள்ல தீவோட கிழக்கு முனையில இருக்கற செக் ஜாவா போறது, கடல் மேல போட்டிருக்கற நடைபாலத்துல ஒரே எடத்துல நின்னு, ஒரே 50 மில்லிமீட்டர் லென்ஸ்ல, மாசத்துக்கு ஒரு படம், ஒரு வருஷம். கைப்பிடியில ஒரு போல்ட் இருக்கும், ட்ரைபாடோட ஒரு காலு அதுக்கு நேரா வரணும், அதான் என்னோட அடையாளம். தீவு மொத்தமே 10 சதுர கிலோமீட்டர் சுத்துதான், கம்போங் (கிராமத்து) வீடு, கோழி, காட்டுப்பன்னி, பழைய கருங்கல் குவாரி எல்லாம் இன்னும் இருக்கு, ஆனா எனக்கு அந்த ஒரு எடம் போதும்னு தோணுச்சு.

ஜூன் மாசம் போனேன். பௌர்ணமி முடிஞ்சு ரெண்டாவது நாள். கேட்டு எட்டரைக்கு திறந்ததும் உள்ள போனா தண்ணியே காணோம், கண்ணுக்கு எட்டுற தூரம் வரைக்கும் மணல் திட்டும் கடற்புல்லும்தான், நடுவுல குட்டி குட்டி குளம், ஒரு குளத்துல கையளவு நட்சத்திர மீனு முதுகுல முண்டு முண்டா வச்சுக்கிட்டு கிடக்குது. சூப்பர்னு எடுத்துக்கிட்டு வந்துட்டேன். டிசம்பர்லயும் அதே மாதிரி பௌர்ணமி முடிஞ்சு ரெண்டாவது நாள், அதே ஒம்பது மணிக்குள்ள போய் நின்னா பாலத்துக்கு கீழ தளதளன்னு தண்ணி! மணலும் இல்ல, புல்லும் இல்ல, பச்சையா கலங்கின கடல் மட்டும். எடம் மாறி நிக்கிறனோன்னு போல்ட்ட ரெண்டு தடவ தடவிப் பார்த்தேன். அந்தப் பக்கம் வந்த வாலன்டியர் அக்கா ஒருத்தங்க சிரிச்சுட்டு, "டிசம்பர்ல காலையில வந்தா எப்படி தம்பி? சாயங்காலம் வாங்க"ன்னு சொல்லிட்டு போயிட்டாங்க.

அந்த ஒரு வாக்கியத்தப் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு வாரம் ஆச்சு. ஆனா மச்சானுக்கு சொல்ல வேண்டிய பதிலே அதுலதான் இருந்துச்சு.

எங்க அம்மா நாகப்பட்டினம் பக்கம், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் கடல் பெருகும்னு சின்ன வயசுலேர்ந்து கேட்ட கதைதான். நிலா இழுக்கற இழுப்புல பூமியச் சுத்தி இருக்கற தண்ணி முட்டை மாதிரி ரெண்டு பக்கமும் புடைக்குது, அந்த முட்டைக்குள்ள பூமி சுத்துறதால ஒரு எடத்துக்கு ஒரு நாள்ல ரெண்டு தடவ ஏத்தம், ரெண்டு தடவ வத்தம். அமாவாசை பௌர்ணமியில சூரியனும் நிலாவும் ஒரே கோட்டுல நின்னு சேர்ந்து இழுக்குதுங்க, அதனால ஏத்தமும் பெருசு வத்தமும் பெருசு. இதுவரைக்கும் ஸ்கூல் பாடம். இந்தப் பாடத்துல இல்லாத ஒண்ணு என்னன்னா, அந்த ரெண்டு வத்தமும் ஒரே ஆழத்துக்கு வத்தாது. ஒண்ணு அடிமட்டத்துக்கு இறங்கும், இன்னொண்ணு சும்மா பேருக்கு இறங்கிட்டு திரும்பிடும்.

ஏன்னா பூமி 23.5 டிகிரி சாஞ்சு சுத்துது. ஜூன்ல சூரியன் வடக்குப் பக்கம் இருக்கு. ஜூன் அமாவாசைன்னா நிலாவும் சூரியனோடயே வடக்க நிக்கும், ஜூன் பௌர்ணமின்னா நேர் எதிர்ல தெக்க நிக்கும். ரெண்டுலயும் தண்ணி முட்டையோட சாய்வு ஒண்ணுதான், பகல் பக்கத்து முனை வடக்க தூக்கிக்கிட்டு, ராத்திரி பக்கத்து முனை தெக்க இறங்கிக்கிட்டு. டிசம்பர்ல சூரியன் தெக்க போயிடுது, முட்டை அப்படியே எதிர்ப்பக்கம் சாஞ்சிடுது. ஜூன்ல காலையில வர வத்தம் ஆழமா இருந்தா, டிசம்பர்ல அதே காலை வத்தம் மேலோட்டமா ஆயிடும், சாயங்கால வத்தம் ஆழமாயிடும். ஒரு வருஷத்துக்குள்ள ஆழமான வத்தம் கடிகாரத்துல 12 மணி நேரம் பொரண்டு படுக்குது. மார்ச், செப்டம்பர்ல ரெண்டு வத்தமும் ஏறக்குறைய சமமா வரும், ரெண்டுமே அவ்வளவு ஆழம் கிடையாது.

இதுல ஒரு தமாஷு இருக்கு. இந்த முட்டைக் கணக்கப் போட்டா பூமத்திய ரேகைக்கிட்ட வித்தியாசமே வரக்கூடாது, நம்ம சிங்கப்பூர் 1.3 டிகிரி வடக்குலதான் இருக்கு. ஆனா கடலுக்கு ரேகை தெரியாதுல்ல. நம்ம கிழக்க இருக்கற தென்சீனக் கடலு, பசிபிக்லேர்ந்து உள்ள வர "நாளைக்கு ஒரு தடவ" அலைய ஊஞ்சல் மாதிரி ஆட்டி பெருசாக்கி விடுது, அங்க சில கரையில ஒரு நாளைக்கு ஒரே ஒரு ஏத்தம்தான். நம்ம மேற்க மலாக்கா நீரிணை வழியா இந்தியப் பெருங்கடலோட "நாளைக்கு ரெண்டு தடவ" அலை வருது. ரெண்டும் வந்து முட்டிக்கிற வாசல்ல நம்ம தீவு உக்காந்திருக்கு. அதனாலதான் இங்க ரெண்டு வத்தம், ஆனா சமமில்லாத வத்தம். சரியா எத்தனை மணிக்குங்கறத முட்டைய வச்சு சொல்ல முடியாது, கடலோட ஆழம், கரையோட வளைவு எல்லாம் சேர்ந்து முடிவு பண்ணுது, அதுக்குத்தான் டைட் டேபிள், ஏத்த வத்த நேர அட்டவணை. 0.5 மீட்டருக்கு கீழ இறங்குற நாளாப் பார்த்து போனாத்தான் செக் ஜாவா முகத்தக் காட்டும்.

அவசரமும் வேண்டாம். மீனவங்க, போட் ஓட்டுறவங்க வச்சிருக்கற ஒரு பழைய கணக்கு இருக்கு, தண்ணி ஏற ஆறு மணி நேரம்னா முதல் மணி நேரத்துல 12ல ஒரு பங்குதான் ஏறும், ரெண்டாவதுல 2 பங்கு, மூணாவதுலயும் நாலாவதுலயும் 3 பங்கு. 3 மீட்டர் ஏறணும்னா முதல் மணி நேரம் கால் மீட்டர், மூணாவது மணி நேரம் முக்கா மீட்டர். அதனால வத்தம் ஏழே முக்காலுக்குன்னு போட்டிருந்து கேட்டு எட்டரைக்குத்தான் திறந்தாலும் படம் போயிடாது, ஆனா பத்தரை மணிக்கு "இன்னும் ஒரு ஷாட்"னு நின்னா பார்த்துக்கிட்டு இருக்கும்போதே குளம் முழுகிடும்.

இப்போ வெளிச்சத்துக்கு வரேன், எனக்கு இதுலதான் கிறுக்கு. என்னோட போல்ட் கிழக்கு பார்த்து இருக்கு, எதிர்ல தெக்கோங் தீவு. ஜூன் வத்தம் காலையில, அப்போ சூரியன் முன்னாடி இடது பக்கம், அடிவானத்துலேர்ந்து 20 டிகிரி உயரத்துல. டிசம்பர் வத்தம் சாயங்காலம், சூரியன் என் முதுகுக்குப் பின்னாடி வலது பக்கம். ஒரே மணல், ஒரே லென்ஸ், ஆனா வெளிச்சம் எதிர் எதிர் பக்கத்துலேர்ந்து வருது.

ஜூன்ல அலை விட்டுட்டுப் போன மணல் மடிப்பு 2 சென்டிமீட்டர் உயரம்னு வச்சுக்குங்க, 20 டிகிரி வெயில்ல அதோட நிழல் 5 சென்டிமீட்டருக்கு மேல, அதுவும் நம்மளப் பார்த்து விழும். மடிப்போட முதுகுல இருக்கற ஈரம் கண்ணாடி மாதிரி வெளிச்சத்த நேரா கேமராவுக்குள்ள அனுப்பும். கலர் ஒண்ணும் தெரியாது, வெள்ளியும் கறுப்பும்தான், ஆனா ஒவ்வொரு வரியும் தெரியும். டிசம்பர் சாயங்காலம் நிழல் எல்லாம் மடிப்புக்கு அந்தப் பக்கம் ஒளிஞ்சுக்கும், மணல் தட்டையாத் தெரியும், பதிலுக்கு கலர் வரும், கடற்புல் பச்சை, பாறை துருச் சிவப்பு. ஜூன் படத்த கறுப்பு வெள்ளையாவும் டிசம்பர் படத்த கலராவும் வச்சுக்கிறது என் பழக்கம், சில பேரு ஒத்துக்க மாட்டாங்க.

சூரிய உதயத்தையே ஃப்ரேம்ல வைக்கணும்னு சாங்கி ஜெட்டியிலேர்ந்து எடுக்கறவங்களுக்கு ஒண்ணு. ஜூன்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் உதிக்கிற எடம் 47 டிகிரி நகரும், முழு ஃப்ரேம் கேமராவுல 50 மில்லிமீட்டர் லென்ஸ் பார்க்கறது குறுக்க 40 டிகிரிதான். வருஷத்தோட ரெண்டு முனையும் ஒரே ஃப்ரேம்ல அடங்காது. அப்புறம் நம்ம ஊர்ல சூரியன் ஏறக்குறைய செங்குத்தா ஏறும், செங்குத்தா இறங்கும், அதனால உதயத்துக்கு முன்னாடியும் அஸ்தமனத்துக்கு அப்புறமும் வர அந்த நீல வெளிச்சம் 20 நிமிஷம் தாண்டினா முடிஞ்சு போச்சு. பாட்டில்ல தண்ணி குடிக்கறதுக்குள்ள போயிடும்.

நடுமதியம் எடுக்காதீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, நானும் சொல்வேன், ஒரு விதிவிலக்கு தவிர. மார்ச் கடைசி வாரத்துலயும் செப்டம்பர் மூணாவது வாரத்துலயும் மதியம் 1 மணி வாக்குல சூரியன் நேரா உச்சந்தலைக்கு மேல வரும் (12க்கு வராம 1க்கு வரதுக்கு காரணம் நம்ம கடிகாரம்தான், ஏற்கெனவே முன்னாடி ஓடுனத 1982 பொறந்தப்ப இன்னும் அரை மணி நேரம் முன்னாடி தள்ளி வச்சாங்க). கைப்பிடி கம்பிக்கு நிழலே இருக்காது. போலரைசர் ஃபில்டர் போட்டீங்கன்னா அப்போ ஒரு அதிசயம். நீல வானத்துலேர்ந்து வர வெளிச்சம் சூரியனுக்கு 90 டிகிரி தள்ளி இருக்கற பட்டையிலதான் அதிகமா ஒரே திசையில அதிரும், அதத்தான் ஃபில்டர் வடிகட்டுது. காலையில இந்தப் பட்டை வானத்துக்கு குறுக்க ஓடுறதால வைட் லென்ஸ்ல ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகி அசிங்கமா இருக்கும். சூரியன் உச்சியில இருக்கும்போது பட்டை அடிவானத்தச் சுத்தி படுத்துடும், எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் ஒரே சீரா கறுக்கும்.

போலரைசரோட பெரிய உபயோகம் என்னமோ தண்ணியிலதான். தண்ணி மேல பட்டு தெறிக்கிற வெளிச்சம், மேற்பரப்புக்கு 37 டிகிரி கோணத்துல பார்த்தா முழுசா போலரைஸ் ஆயிருக்கும், அதாவது ஒரே திசையில அதிரும். கேமரா தண்ணிக்கு மேல 2.4 மீட்டர் உயரத்துல இருந்தா, 3.2 மீட்டர் தள்ளி இருக்கற குளம்தான் அந்தக் கோணம். ஃபில்டர மெதுவா திருப்புங்க, வானத்தோட வெள்ளைப் பிரதிபலிப்பு திரை விலகற மாதிரி போகும், அடியில நண்டு நடந்து போறது தெரியும். கிட்ட இருக்கற குளத்துலயோ ரொம்ப தூரத்துலயோ இது பாதிதான் வேலை செய்யும்.

மழைக்கு வந்தா, டிசம்பர் மழை பிப்ரவரி மழைய விட சராசரியா மூணு மடங்கு. ஆனா மழையோட அளவு முக்கியமில்ல, வர திசையும் நேரமும்தான் முக்கியம். டிசம்பர், ஜனவரி வடகிழக்குப் பருவக்காத்துல மழை நாள்கணக்கா நசநசன்னு நிக்கும், வானம் முழுக்க ஒரே சாம்பல். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் சுமாத்ரா ஸ்குவால்ங்கற சூறக்காத்து மழை, மேற்கேர்ந்து விடியக்காலையில கறுப்பு வளைவு மாதிரி உருண்டு வரும், ஒரு மணி நேரம் அடிச்சுட்டு ஓடிடும். படத்துக்கு அத மாதிரி மேகம் கிடைக்காது, ஆனா நடுக்கடல்ல நீட்டிக்கிட்டு இருக்கற பாலத்துல உலோக ட்ரைபாடோட நிக்கற ஆளுக்கு அத விடப் பெரிய ஆபத்தும் வேற கிடையாது. இடி கேட்டா மடக்கிட்டு ஓடிடுங்க.

ஹேஸ் (புகைமூட்டம்) சீசனும் நம்ம சீசன்தானே, வேற ஊர்க்காரன் புகைய சீசன்னு சொல்ல வேண்டியிருக்கு. 2013 ஜூன் 21ஆம் தேதி காத்து மாசக் காட்டுற பிஎஸ்ஐ அளவு 401 தொட்டுச்சு. சுத்தமான காத்துல இருக்கற மூலக்கூறுகள் நீலத்த சிவப்ப விட நாலு மடங்குக்கு மேல சிதறடிக்கும், அதனால வானம் நீலம். புகைத்துகள் வெளிச்சத்தோட அலைநீளம் அளவுக்கே பெருசு, அதுங்க எல்லா கலரையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி சிதறடிக்கும், அதனால வெள்ளைச் சாம்பல். தெக்கோங் இருக்கற எடத்துல ஒண்ணுமே இருக்காது.

மழை தண்ணிக்குள்ள செய்யறதுதான் கொடுமை. 2006 டிசம்பர், 2007 ஜனவரியில ஜொகூர்ல வெள்ளம் வந்தப்ப செக் ஜாவால நட்சத்திர மீன், கடல் சாமந்தி எல்லாம் கூட்டமா செத்துப்போச்சு. ஜொகூர் ஆறு இந்தக் கடல்லதான் வந்து விழுது, நல்ல தண்ணி உப்புத் தண்ணிய விட லேசு, மேலேயே மிதக்கும், வத்தத்துல மணல் திட்டத் தொடுறது அந்த மேல் அடுக்குதான். நட்சத்திர மீனுக்கு உடம்புக்குள்ள உப்ப காப்பாத்திக்கத் தெரியாது, வெளிய உப்பு குறைஞ்சா தண்ணி உள்ள ஏறி உடம்பு ஊதிடும். கடல மண்ணு கொட்டி நிலமாக்கற திட்டத்துலேர்ந்து 2001 கடைசியில தப்பிச்ச எடம், ஒரு மழையில இப்படி ஆச்சு, அப்புறம் மெல்ல மெல்ல உயிர் திரும்ப வந்துச்சு.

மரத்துல சீசனே இல்லன்னு சொன்னா அதுவும் பொய்தான். கரையில நிக்கற நாட்டு வாதாம் வருஷத்துக்கு ரெண்டு தடவ இலை சிவந்து கொட்டும், ஆனா பக்கத்து மரம் பச்சையா நிக்கும், ஆளுக்கு ஒரு காலண்டர். புறா ஆர்க்கிட் இன்னும் ஜோரு. பெரிய மழையில திடீர்னு 5 டிகிரி போல குளிர்ந்தா அந்த அதிர்ச்சியில மொட்டு முழிச்சுக்கும், ஒம்பதாவது நாள் ஊர்ல இருக்கற செடி எல்லாம் ஒண்ணா வெள்ளையா பூக்கும், ஒரே நாள்ல வாடிடும். அதனால பெருமழை பெய்ஞ்சா ஃபோன்ல ஒம்பது நாள் கழிச்சு அலாரம் வச்சுடுவேன்.

ஒரே ஒரு நடைமுறை விஷயம், ஏர்கான் ரூம்லேர்ந்து கேமராவ நேரா வெளிய எடுத்தா லென்ஸ்ல பனி படியும், கண்ணாடி காத்தோட பனிநிலை வெப்பத்த (காத்துல இருக்கற ஈரம் தண்ணியா மாறுற வெப்பநிலை) விட குளிர்ந்திருக்கறதாலதான். ஜிப் பையில போட்டே எடுத்துட்டு வாங்க, பம்போட்ல 12 பேர் சேரக் காத்திருக்கற நேரத்துல சூடாயிடும்.

இப்போ எங்க ஹால்ல ஜூன் காலை, டிசம்பர் சாயங்காலம் ரெண்டு படமும் பக்கத்துல பக்கத்துல மாட்டியிருக்கு. மச்சான் பார்த்துட்டு இது ரெண்டும் வேற வேற எடம்னு அடிச்சுச் சொன்னாரு, நான் போல்ட்ட காட்டினேன். இந்த டிசம்பர் தானும் வரேங்கறாரு. வத்தம் அஞ்சேகாலுக்கு, கேட்டு ஆறு மணிக்கு மூடிடுவாங்க. அந்த முக்கா மணி நேரத்துல அவரு நாசி லெமாக் கேக்காம இருக்கணும்.